சிறு பிள்ளைகளோடு சிங்கப்பூர்ப் பயணம்: எந்தத் தொல்லைக்கு எங்கே பார்ப்பது

மே மாதமும் டிசம்பரும் வந்தால் இங்கே பல தமிழ் வீடுகளின் கூடத்தில் மெத்தை விரிந்துவிடும். ஊரிலிருந்து அண்ணன் குடும்பம், நாத்தனார் குடும்பம், கூடவே இரண்டு வயதிலும் நான்கு வயதிலுமாகப் பிள்ளைகள். எங்கள் வீடும் அப்படித்தான். பெரியவர்கள் போட்டு வைத்த திட்டம் கச்சிதமாக இருக்கும்: காலையில் செந்தோசா, மாலையில் கரையோரப் பூந்தோட்டங்கள் (கார்டன்ஸ் பை த பே), இரவில் முஸ்தஃபா கடை. அந்தத் திட்டத்தை எந்தப் பிள்ளையிடமும் யாரும் கேட்டுப் போட்டிருக்க மாட்டார்கள்.

கீழே இருப்பதை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. என்ன நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். ஆனால் எந்தத் தொல்லையாக இருந்தாலும் முதலில் நான்கு கேள்விகள்: பிள்ளை கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தது, எப்போது சிறுநீர் கழித்தது, எப்போது தூங்கியது, எப்போது சாப்பிட்டது? அடம் என்றும் செல்லம் கொடுத்துக் கெட்டுப்போச்சு என்றும் நாம் சொல்லும் பலவற்றுக்கு விடை இந்த நான்கில்தான் இருக்கிறது. அழுகை வெளியே வரும்போதுதான் நமக்குத் தெரிகிறது. அதன் காரணம் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன்பே தொடங்கியிருக்கும். பாட்டி திருஷ்டி கழிக்கட்டும், தவறில்லை. அதற்கு முன் தண்ணீர் கொடுங்கள்.

விமானம் இறங்கத் தொடங்கியதும் வீறிட்டு அழுகிறது

காது வலி. மூக்கின் பின்புறத்தையும் காதையும் இணைக்கும் குழாய் குழந்தைகளுக்கு மிகச் சிறியது. விழுங்கும்போதுதான் அது திறந்து அழுத்தத்தைச் சமன் செய்யும். விமானம் தரை தொடுவதற்கு ஏறக்குறைய அரை மணி நேரம் முன்பே இறங்கத் தொடங்கிவிடுகிறது. அந்த நேரத்தில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்பிவிடுங்கள். தூங்கும்போது விழுங்குவது குறைவு, அதனால்தான் பாதியில் வலியோடு விழித்து அலறுகிறது. கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலோ புட்டிப் பாலோ கொடுக்கலாம். பெரிய பிள்ளைக்கு உறிஞ்சுகுழல் போட்டுத் தண்ணீர். சின்னப் பிள்ளைக்குக் கெட்டி மிட்டாய் வேண்டாம், தொண்டையில் சிக்கும். சூயிங் கம் கையிருப்பு இருந்தால் கிளம்பும்போதே வீட்டில் விட்டுவிடுங்கள். 1992 முதல் சிங்கப்பூருக்குள் அதைக் கொண்டுவரத் தடை இருக்கிறது.

சளியோடு காது வலியும் இருந்தால் பயணத்துக்கு முன்பே மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.

இரவு பதினொன்று தாண்டியும் தூங்கவில்லை

தொல்லையே இல்லை, கணக்குத்தான். நமக்கும் ஊருக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். சென்னையில் ஒன்பது மணிக்குத் தூங்கும் பிள்ளைக்கு இங்கே பதினொன்றரைதான் தூங்கும் நேரம். நான்கைந்து நாள் மட்டும் தங்குகிறவர்கள் இதை மாற்றப் போராட வேண்டாம் என்பது என் கருத்து. ஊர் நேரத்திலேயே விடுங்கள். காலையில் தாமதமாகக் கிளம்புங்கள், மாலை வேளைகளை நன்றாகப் பயன்படுத்துங்கள். மண்டாயில் இருக்கும் இரவு விலங்குத் தோட்டத்தை முதல் இரவுகளில் வைத்துக்கொண்டால் பொருத்தமாக இருக்கும். இங்கே ஒன்பது மணி என்பது அந்தப் பிள்ளைக்கு மாலை ஆறரை. உள்ளூர்ப் பிள்ளைகள் தோளில் சாய்ந்து தூங்கும் நேரத்தில் ஊர்ப் பிள்ளை சிங்கத்தைப் பார்த்துக் கை தட்டும்.

இரண்டு வாரம் தங்கப் போகிறீர்கள் என்றால் காலையில் திரையைத் திறந்து, நாளுக்கு அரை மணி நேரம் முன்னதாக எழுப்பிக்கொண்டே வாருங்கள். இரவில் சீக்கிரம் படுக்க வைப்பதைவிட இது எளிது.

விடியற்காலையில் வந்து இறங்கும் விமானங்கள்தான் உண்மையான சிக்கல். ஹோட்டல் அறை பெரும்பாலும் பிற்பகல் 2 மணிக்கோ 3 மணிக்கோதான் கிடைக்கும். அதுவரை இரவு முழுக்கத் தூங்காத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சுற்றுவது பெரிய கொடுமை. முதல் நாள் எந்த நுழைவுச்சீட்டும் வாங்காதீர்கள். சொந்தக்காரர் வீடு இருந்தால் கூச்சப்படாமல் நேரே அங்கே போய்ப் படுத்துவிடுங்கள். அண்ணியோ மச்சானோ கோபித்துக்கொள்ள மாட்டார்கள், பிள்ளை தூங்கி எழுந்தால் அவர்களுக்கும் நிம்மதி.

முகம் சிவந்து, நடக்க மாட்டேன் என்று நடுவழியில் உட்கார்ந்துவிடுகிறது

இங்கே அதிகம் நடப்பதும், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். “சென்னை வெயிலையே பார்த்த பிள்ளை, இது என்ன வெயில்” என்று பலர் நினைக்கிறார்கள். வெப்பமானியில் 32 டிகிரிதான் காட்டும். ஆனால் காற்றில் ஈரம் அதிகம், வியர்வை காயாது. வியர்வை காயாவிட்டால் உடம்பு குளிராது. சின்ன உடம்பு பெரிய உடம்பைவிட வேகமாகச் சூடாகும். அதோடு, தள்ளுவண்டியில் இருக்கும் பிள்ளை சூடான தரைக்கு நம்மைவிடப் பக்கத்தில் இருக்கிறது.

உடனே செய்ய வேண்டியது: நிழலுக்கோ குளிர்சாதனம் உள்ள கட்டடத்துக்கோ போங்கள். காலணி, காலுறை, தொப்பியைக் கழற்றுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஈரத்துணியை வைத்து விசிறுங்கள். தண்ணீரைச் சிறு மடக்குகளாகக் கொடுங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத் தண்ணீர் வேண்டாம், பாலை அடிக்கடி கொடுத்தால் போதும். அரை மணி நேரத்தில் முகம் தெளிந்து, விளையாட ஆரம்பித்தால் சரி. ஆனாலும் அன்றைய வெளிச்சுற்றல் அதோடு முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி டிக்கெட் வீணாகட்டும்.

பிள்ளை குழறுகிறது, கூப்பிட்டால் சரியாகப் பதில் இல்லை, உடம்பு கொதிக்கிறது, வலிப்பு வருகிறது என்றால் காத்திருக்கக் கூடாது. 995க்கு அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை தண்ணீர் ஊற்றிக் குளிர வைத்துக்கொண்டே இருங்கள். மயக்கத்தில் இருக்கும் பிள்ளையின் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம்.

தள்ளுவண்டியின் மேல் துணி போர்த்துவதை இங்கே எங்கும் பார்க்கலாம். நிழல் என்று நினைத்துச் செய்கிறார்கள். காற்று அடைபட்டு உள்ளே வெளியைவிடச் சூடாகிவிடும். தயவுசெய்து எடுத்துவிடுங்கள். குடையைப் பிடித்தாலே போதும்.

இது வராமல் இருக்க ஒரே வழி நேரத்தைப் பிரிப்பது. பூங்கா, விலங்குத் தோட்டம், கடற்கரை எல்லாம் காலை பதினொன்றுக்குள் முடிய வேண்டும். இல்லாவிட்டால் நான்கு மணிக்குப் பிறகு தொடங்க வேண்டும். இடைப்பட்ட நேரத்துக்கு நான் எல்லாருக்கும் சொல்வது பொது நூலகம். உள்ளே போகக் கட்டணம் இல்லை, குளிர்சாதனம் உண்டு, தரையில் உட்கார்ந்து தமிழ்ச் சிறுவர் புத்தகம் படிக்கலாம். விக்டோரியா ஸ்திரீட்டில் இருக்கும் மத்திய பொது நூலகத்தில் பிள்ளைகளுக்கென்று ஒரு பகுதியே இருக்கிறது. லிட்டில் இந்தியா பக்கம் இருந்தால் கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையம் இருக்கிறது. கரையோரப் பூந்தோட்டங்களின் கண்ணாடிக் குவிமாடங்களும் பகல் வேளைக்கு நல்லவை. அங்கே உள்ளே குளிராக இருக்கும், வியர்வையோடு நுழையும் பிள்ளைக்கு ஒரு மெல்லிய முழுக்கைச் சட்டை கைப்பையில் இருக்கட்டும்.

காய்ச்சல் அடிக்கிறது

வயதைப் பாருங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரியோ அதற்கு மேலோ இருந்தால் மருந்து கொடுத்துப் பார்ப்பது என்ற பேச்சே வேண்டாம். நேரே மருத்துவமனை. புக்கிட் தீமா சாலையில் உள்ள கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனையில் குழந்தைகளுக்கான அவசரப் பிரிவு 24 மணி நேரமும் இயங்குகிறது. லிட்டில் இந்தியா எம்ஆர்டி ரயில் நிலையத்துக்குப் பக்கம்தான்.

பெரிய பிள்ளை, காய்ச்சல் இருந்தாலும் தண்ணீர் குடிக்கிறது, சிரிக்கிறது என்றால் அடுக்குமாடி புளோக்கின் கீழே இருக்கும் கிளினிக் போதும். பாராசிட்டமால் அளவை வயதை வைத்துக் கணக்கிடாதீர்கள், எடையை வைத்துக் கணக்கிடுங்கள்: ஒரு கிலோவுக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மில்லிகிராம். குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி, ஒரு நாளில் நான்கு முறைக்கு மேல் கூடாது. இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. பாராசிட்டமால் சிரப் வெவ்வேறு செறிவில் விற்கிறது. ஒன்றில் 5 மில்லியில் 120 மில்லிகிராம் இருக்கும், இன்னொன்றில் அதே 5 மில்லியில் 250. பன்னிரண்டு கிலோ பிள்ளைக்கு முதல் சிரப்பில் 5 மில்லி சரியான அளவு. இரண்டாவதில் அதே 5 மில்லி கொடுத்தால் அளவு மீறிவிடும். ஊரிலிருந்து கொண்டுவந்த புட்டி தீர்ந்து, இங்கே அத்தை வீட்டு அலமாரியில் இருப்பதைக் கொடுக்கும்போது நடப்பது இதுதான். லேபிளைப் படிக்காமல் ஊற்றாதீர்கள்.

டெங்கி இங்கே ஆண்டு முழுவதும் இருக்கிறது. இரண்டு மூன்று நாள் விடாத கடும் காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, உடம்பு வலி என்றால் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். அந்தச் சந்தேகம் இருக்கும்வரை ஐபுபுரூஃபன் வேண்டாம், ரத்தக்கசிவை அதிகமாக்கும். ஆஸ்பிரின் பிள்ளைகளுக்கு எப்போதுமே கூடாது. டெங்கியில் பலர் ஏமாறும் இடம் காய்ச்சல் இறங்கும் நேரம். “விட்டுடுச்சு” என்று மூட்டை கட்டும் அந்த ஓரிரு நாளில்தான் நிலைமை மோசமாகலாம். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், அசதியாகச் சுருண்டு படுப்பது, இவற்றில் எது தெரிந்தாலும் மருத்துவமனைக்குப் போங்கள். கொசு கடித்து நான்கு முதல் பத்து நாளுக்குள்தான் காய்ச்சல் வரும். அதனால் ஊர் திரும்பிய பிறகும் வரலாம். அங்கே மருத்துவரிடம் சிங்கப்பூர் போய் வந்ததைச் சொல்ல மறக்காதீர்கள்.

வாயில் புண், உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சிவப்புப் புள்ளி என்றால் கை, கால், வாய்ப் புண் நோயாக இருக்கலாம். பாலர் பள்ளி வயதுப் பிள்ளைகளிடம் இங்கே சகஜம். பொதுவாகத் தானாக ஆறிவிடும். ஆனால் தொற்றும், நீச்சல் குளமும் விளையாட்டுக் கூடமும் வேண்டாம்.

வருகையாளர்களுக்கு மருத்துவச் செலவில் அரசாங்க மானியம் கிடையாது. பயணக் காப்புறுதி எடுக்கும்போது பிள்ளையின் பெயரும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

வாந்தி எடுக்கிறது

கார், பஸ் பயணத்தில் மட்டும் வந்தால் அசைவினால் வருவது. கைப்பேசியைப் பிடுங்குங்கள், ஜன்னல் வழியாகத் தூரத்தில் பார்க்கச் சொல்லுங்கள். வண்டி நின்ற பிறகும் தொடர்ந்தால், பேதியும் சேர்ந்தால் வயிறு. கார்டியன், வாட்சன்ஸ் போன்ற மருந்துக் கடைகளில் உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம் கிடைக்கும். ஒரே மூச்சில் குடிக்கக் கொடுத்தால் திரும்ப வந்துவிடும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டி. எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, அழுதால் கண்ணீர் வரவில்லை, பச்சை நிறத்தில் வாந்தி, ரத்தம் கலந்த பேதி என்றால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

சாப்பிட மாட்டேன் என்கிறது

பால் குடிக்கிறதா, சிறுநீர் போகிறதா? அப்படியானால் கவலைப்பட வேண்டாம். உணவங்காடியில் காரமில்லாமல் வேண்டும் என்று சொன்னாலும் பிள்ளைக்கு அது காரமாகவே இருக்கும். வெறும் பரோட்டாவும் சீனியும், இட்லி, சோறும் வேகவைத்த கோழியும், மைலோ. இரண்டு நாள் இதிலேயே ஓடட்டும். வேர்க்கடலை ஒவ்வாத பிள்ளைக்கு மட்டும் கவனம் வேண்டும். சாத்தே என்ற சுட்ட இறைச்சிக்குக் கொடுக்கும் குழம்பிலும் ரோஜாக் என்ற கலவை உணவிலும் கடலை இருக்கும்.

ரயில் கதவு மூடிவிட்டது, பிள்ளை அந்தப் பக்கம்

நினைத்தாலே வயிறு கலங்கும். ஆனால் இது மீட்க முடியாத விபத்து இல்லை, எல்லாரும் ஒரே விதியைத் தெரிந்து வைத்திருந்தால்.

பிள்ளை நடைமேடையில், நீங்கள் ரயிலுக்குள் என்றால்: பிள்ளை நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், அடுத்த ரயிலில் ஏறக் கூடாது. நீங்கள் வண்டிக்குள் இருக்கும் அவசரத் தொடர்புப் பொத்தானை அழுத்தி நிலையத்தின் பெயரையும் பிள்ளையின் சட்டை நிறத்தையும் சொல்லுங்கள். அடுத்த நிலையத்தில் இறங்கி எதிர்ப்பக்க ரயிலில் திரும்பி வாருங்கள்.

பிள்ளை ரயிலுக்குள், நீங்கள் வெளியே என்றால்: பிள்ளை அடுத்த நிலையத்தில் இறங்கி அங்கேயே நிற்க வேண்டும். நீங்கள் உடனே ஊழியரிடம் சொல்லிவிட்டு அடுத்த ரயிலைப் பிடியுங்கள்.

நான்கு வயதுக்குக் கீழே இந்த விதி எல்லாம் புரியாது. அவர்களுக்கு ஏறும் முறைதான் பாதுகாப்பு. ஒரு பெரியவர் முதலில், பிள்ளைகள் நடுவில், இன்னொரு பெரியவர் கடைசியில். கதவு மூடும் ஒலி கேட்ட பிறகு யாரும் ஓடி ஏறக் கூடாது, அடுத்த வண்டி சில நிமிடத்தில் வந்துவிடும்.

கூட்டத்தில் தொலைவதற்கும் இதே தயாரிப்புத்தான். ஞாயிறு மாலை லிட்டில் இந்தியாவின் தேக்காவில் விடுமுறை நாளைக் கழிக்க வந்த ஊழியர்கள் நிறைந்திருப்பார்கள், நடைபாதையில் கால் வைக்க இடம் இருக்காது. பிள்ளைகளோடு அங்கே போக வேறு நாளைத் தேர்ந்தெடுங்கள். பல மாடிக் கடைகளில் அலமாரிகள் நெருக்கமாக இருக்கும், ஒரு திருப்பத்தில் பிள்ளை மறைந்துவிடும். உடனே நுழைவாயிலில் ஒருவரை நிறுத்துங்கள், கடைக்காரரிடம் சொல்லுங்கள், அதன் பிறகு தேடுங்கள். எல்லாரும் ஆளுக்கொரு திசையில் ஓடினால் வாசல் திறந்தே கிடக்கும். கிடைக்கவில்லை என்றால் போலீசுக்கு 999.

தினமும் காலையில் கிளம்பும்போது பிள்ளையை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் சட்டை நிறம் நினைவுக்கு வராது. பிள்ளையின் கையிலோ சட்டைக்குள்ளோ தொலைபேசி எண் எழுதும்போது ஊர் எண்ணை எழுதாதீர்கள். வருகையாளர்களில் பலர் ஊர் சிம்மை அணைத்துவிட்டு வாட்ஸ்அப் மட்டும் வைத்திருப்பார்கள். கண்டெடுத்தவர் அழைத்தால் மணியே அடிக்காது. இங்கே இருக்கும் சித்தப்பாவின் எட்டு இலக்க எண்ணை எழுதுங்கள்.

வாடகைக் கார் ஓட்டுநர் ஏற்ற மறுக்கிறார்

அவர் செய்வது சரி. 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ளவருக்குக் காரில் குழந்தை இருக்கையோ அதற்குரிய தாங்கியோ இருக்க வேண்டும் என்பது சட்டம். டாக்சிக்கு அதிலிருந்து விலக்கு உண்டு, செயலியில் அழைக்கும் தனியார் வாடகைக் காருக்கு இல்லை. அதனால் செயலியில் டாக்சியைத் தேர்ந்தெடுங்கள், அல்லது குழந்தை இருக்கையோடு வரும் வண்டியைக் கேளுங்கள். சட்டம் விலக்குக் கொடுத்தாலும் பிள்ளையை முன்னிருக்கையில் மடியில் வைக்காதீர்கள்.

பஸ்ஸில் தள்ளுவண்டியை மடிக்காமலே ஏற்றலாம். எம்ஆர்டி நிலையங்களில் மின்தூக்கி இருக்கிறது, தள்ளுவண்டியோடு மின்படியில் ஏறுவது ஆபத்து. 0.9 மீட்டருக்குக் கீழே உள்ள பிள்ளைக்குக் கட்டணம் இல்லை. ரயிலுக்குள் சாப்பிடவும் குடிக்கவும் அனுமதி இல்லை, அபராதம் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை போகலாம். ஆகவே நுழைவாயிலுக்கு முன்பே தண்ணீர் கொடுத்துவிடுங்கள்.

குளியலறைக் கதவை உள்ளிருந்து பூட்டிக்கொண்டது

வெளிப்பக்கக் கைப்பிடியைப் பாருங்கள். பல குளியலறைப் பூட்டுகளில் ஒரு சின்னப் பிளவு இருக்கும், ஒரு காசை வைத்துத் திருப்பினால் திறக்கும். அறைக்கு வந்த முதல் நாளே இதைச் சோதித்துப் பாருங்கள். திறக்கவில்லை என்றால், உள்ளே தண்ணீர் ஓடுகிறது என்றால் 995. அடுக்குமாடி வீட்டில் ஜன்னலுக்குப் பக்கத்தில் நாற்காலி, கட்டில், பெட்டி எதுவும் இருக்கக் கூடாது. கம்பித் தடுப்பு இருந்தாலும் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

மலேசியா போகும் கடற்பாலத்தில் வண்டி நகரவில்லை, பிள்ளைக்குக் கழிவறை வேண்டும்

இது சிங்கப்பூரிலேயே வசிக்கும் நம்மவர்களின் தொல்லை. வெள்ளி மாலை, நீண்ட வாரயிறுதி, ஜூன் மற்றும் ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறைகளில் உட்லண்ட்ஸில் மணிக்கணக்கில் நிற்க நேரும். பாலம் ஒரு கிலோமீட்டர்தான், அதனால் “பத்து நிமிடத்தில் அக்கரை” என்று பிள்ளையிடம் சொல்லிவிடுகிறோம். டயப்பரை விட்டுவிட்ட பிள்ளைக்கும் அன்று மட்டும் இழுத்து மாட்டும் டயப்பர் போடுங்கள். வெட்கப்படும் வயது என்றால் மடக்கும் பயணக் கழிவறைத் தொட்டியும் ஒரு துண்டும் காரில் இருக்கட்டும். கிளம்பும் முன் நிலப்போக்குவரத்து ஆணையத்தின் கேமராப் படங்களைப் பாருங்கள். வீடு மேற்கே இருந்தால் துவாஸ் பாலம் ஒரு மாற்று வழி. விடியுமுன் கிளம்புவது எல்லாவற்றையும்விட நல்லது, பிள்ளை பாதி வழி தூங்கிவிடும்.

பஸ்ஸில் போனால் இரண்டு சோதனைச்சாவடியிலும் மூட்டையோடு இறங்கி ஏற வேண்டும். தூங்கும் பிள்ளைக்கு ஒருவர், பைக்கு ஒருவர் என்று முதலிலேயே பிரித்துக்கொள்ளுங்கள்.

பிள்ளையின் கடவுச்சீட்டைக் காணவில்லை

முதலில் போலீஸ் புகார். பிறகு இந்தியக் கடவுச்சீட்டு என்றால் கிரேஞ்ச் சாலையில் உள்ள இந்தியத் தூதரகம். அங்கே கொடுக்கும் ஆவணத்தோடு குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையத்திடம் வருகை அனுமதியைச் சரிசெய்ய வேண்டும். வார இறுதியில் தொலைந்தால் திங்கள்வரை காத்திருக்க நேரலாம், அதனால் விமான நிறுவனத்திடம் அன்றே சொல்லி வையுங்கள். கைக்குழந்தையைப் புகைப்பட நிலையத்தில் நேராகப் பார்க்க வைத்துப் படம் எடுப்பதற்குள் அரை நாள் போய்விடும். ஊரிலிருந்து கிளம்பும்போதே கடவுச்சீட்டு அளவுப் படம் இரண்டையும், பிறப்புச் சான்றிதழின் நகலையும் கடவுச்சீட்டு இருக்கும் பையில் வைக்காமல் வேறொரு பையில் வைத்துக்கொண்டு வாருங்கள்.